பெரிய தண்ணி

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சித்தப்பா அறைக் கதவைத் தட்டினார். "பாப்பா, ஏழு மணிக்குத் தண்ணி நெறஞ்சிரும். வர்றியா, தூங்குறியா?" எனக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு நான் இன்னமும் பாப்பாதான். முதல் நாள் பால்குடம் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்ததில் இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன. பறவை பார்க்கப் போகலாம் என்று நச்சரித்தது நான்தான், அதனால் எழுந்திருக்காமல் முடியாது. சித்தப்பாவின் மணிக்கட்டில் மஞ்சள் தடவிய காப்புக் கயிறு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள்தான் அவிழ்ப்பாராம்.

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், கொஞ்சம் அசந்தால் கடந்துவிடக்கூடிய ஊர் ஜெராம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிட வருகிற இடம். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அதுதான் பட்டணம். சம்பளம் போட்டதும் மளிகைக் கடன் அடைக்க, முடி வெட்ட, பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க எல்லாம் அங்கேதான். ஊரைச் சுற்றிச் செம்பனை. மேற்கே செம்பனை முடிகிற இடத்தில் பண்டு. பண்டுக்கு அப்பால் கண்டல் மரங்கள், அதற்கப்பால் சேறு, அதற்கப்புறம்தான் கடல். மணல் என்பதைப் பார்க்க நாங்கள் போர்ட்டிக்சனுக்குப் பஸ் பிடித்துப் போக வேண்டியிருந்தது.

பண்டு என்றால் மண் கரை. இந்தக் கரையோரத் தோட்டங்கள் பலவும் ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கிய சதுப்புதான். கரை போட்டு, கால்வாய் வெட்டி, மழைத் தண்ணீரை விட்டு மண்ணின் உப்பைக் கழுவி, பிறகு மரம் நட்டார்கள். (போகிற போக்கில் ஒன்று. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வாணிகத்துக்கு நடப்பட்டது எங்கள் பக்கத்தில்தான். பழைய பத்தாங் பெர்சுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், 1917இல். தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயர் தென்னைக்கு, நட்டது பனைக்கு.)

சித்தப்பா இருபத்தாறு வருடம் அந்தப் பண்டில் வேலை செய்தவர். குலை வெட்டவில்லை, உரம் போடவில்லை. அவர் வேலை மடைக்கதவு. தோட்டத்தில் அதை எல்லோரும் 'வாட்டர்கேட்' என்போம். கால்வாய் கடலில் சேரும் இடத்தில் கனமான பலகைக் கதவு மேலிருந்து தொங்கும். கடல் ஏறும்போது வெளித் தண்ணீர் தள்ளிக் கதவு மூடிக்கொள்ளும். கடல் இறங்கும்போது உள்ளே தேங்கிய மழைத் தண்ணீர் தள்ளிக் கதவு திறந்துகொள்ளும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. தானாக நடக்கிற வேலைக்கு எதற்கு ஒரு ஆள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கட்டை ஒண்ணு வந்து கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னா, விடியறதுக்குள்ள முப்பது ஏக்கர் உப்பாயிரும், அதுக்குத்தான்" என்றார். நடு ராத்திரி, அடை மழை, தீபாவளி எதுவானாலும் தண்ணீர் நிறைகிற நேரத்தில் டார்ச் லைட்டோடு அவர் அங்கே நிற்க வேண்டும்.

ஆகவே அவரிடம் கடல் ஏற்ற அட்டவணை கிடையாது, தேவையும் இல்லை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பெரிய தண்ணி. எங்கள் கரையில் அது காலை ஆறு, ஏழு மணிவாக்கில் நிறையும், மறுபடி மாலை அதே நேரத்துக்கு. ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமியை ஒட்டிச் சின்ன தண்ணி, கடல் அதிகம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அந்த நாட்களில் மழை பெய்தால் தோட்டம் வடியாது. இவ்வளவும் விரல் நுனியில். கைப்பேசியில் செயலியைத் திறந்து நான் நேரம் சொன்னால், எங்கே தப்பு கண்டுபிடிக்கலாம் என்பதுபோல் கேட்பார். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வராது.

எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது கடல் அதிகம் ஏறும், அது பள்ளிப் பாடம். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி வருகிற பௌர்ணமி, அமாவாசைகளில் அது இன்னும் கொஞ்சம் கூடும். பங்குனி உத்திரம் கிட்டத்தட்ட எப்போதும் அந்த வசந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். அதாவது எங்கள் கோயில் திருவிழா ஆண்டின் பெரிய தண்ணிகளில் ஒன்றோடு சேர்ந்து வருகிறது. இந்தக் கரைப் பறவைகள் வடக்கே கிளம்புகிற பருவமும் அதுவே. காவடி எடுக்கிற வாரத்தில் வெளியூர்க்காரர்கள் ஸ்கோப்போடு (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) பண்டில் ஏன் நிற்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. முப்பத்தைந்து வயது வரை நான் பண்டுக்கு அந்தப் பக்கம் பார்த்ததே கிடையாது என்பதுதான் உண்மை.

பார்க்க வைத்தது அலுவலகத் தோழி ஒருத்தி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. இங்கே மலேசிய இயற்கைச் சங்கம் ஆள் சேர்க்கும். ஆள் குறைகிறது, நீ உள்ளூர்க்காரிதானே என்று இழுத்துக்கொண்டு போனாள். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது பறவைப் பெயர் இல்லை, எண்ணுகிற வித்தை. கூட்டத்தில் ஓர் ஓரத்தைப் பிடித்துப் பத்தை எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள். பிறகு அந்த அளவுச் சட்டத்தை நகர்த்திக்கொண்டே போ. எங்கள் அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டே எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்வது மாதிரி. ஆனால் ஜனவரிப் பறவைகளில் எனக்கு ஒன்றும் பெரிதாகப் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே சாம்பல், கோணிப்பை நிறம். நூறு பறவை, நூறும் ஒரே பறவை. மார்ச் கடைசியில் வந்து பார் என்றாள் அவள். வந்து பார்த்ததிலிருந்துதான் இந்தப் பைத்தியம்.

சரி, அன்றைய காலைக்கு வருகிறேன்.

சித்தப்பாவின் பழைய மோட்டாரில் இரண்டு பேரும், நடுவில் ஸ்கோப்பின் முக்காலியும். தோட்டச் சாலையில் லாம்பு வெளிச்சத்தில் ஓர் ஆந்தை பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. செம்பனைக் காட்டில் எலியைத் தின்னட்டும் என்று கம்பத்தில் பெட்டி மாட்டி வைத்து வளர்க்கிற கூகை அது. இங்குள்ளவர்களுக்குப் பறவை பார்ப்பது புதிதில்லைதான், பயன் இருக்கிற பறவையாக இருந்தால்.

பண்டின் மேல் ஏறியபோது இன்னும் இருட்டு. அகாஸ் பூச்சி கணுக்காலை மொய்த்தது. கண்ணுக்குத் தெரியாது, கொசுவைவிட மோசம், இரண்டு நாள் அரிக்கும். கடல் கண்டல் மரங்களின் இடுப்புவரை ஏறி, அலை இல்லாமல் சும்மா நின்றது. எதிர்ப்பக்கம், பண்டுக்கு உள்ளே, யாரோ இறால் வளர்த்துக் கைவிட்ட குளம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் நான் காதை வைத்தேன். சேறு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டால் பறவைகளுக்கு நிற்க இடம் இல்லை. அடுத்த இறக்கம் வரை எங்கேயாவது திறந்த, ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் ஒதுங்க வேண்டும். காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் ஆயிரக்கணக்கில் ஒதுங்குவதாகப் பெயர் பெற்ற கூட்டமெல்லாம் இப்படி இடம் தேடி வந்ததுதான். பெரிய தண்ணி நாளில் தேட வேண்டியது ஒதுங்குகிற இடத்தை. அது தெரியாமல் முதல் வருடம் முழுக்க நடுக்கடலை வெறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

குளத்திலிருந்து முணுமுணுப்பு கேட்டது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலை வருவதற்கு முன் பேசிக்கொள்வது போன்ற சத்தம். வெளுக்க வெளுக்க, மண் திட்டு என்று நினைத்தது பறவைகளாகப் பிரிந்தது. எல்லாம் காற்றுக்கு முகம் காட்டி, ஒற்றைக் காலில், மூக்கை முதுகு இறகுக்குள் சொருகியபடி. அளவுச் சட்டத்தை நகர்த்தி எண்ணினேன். 350க்குப் பக்கம் வந்தது. சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நானூறு வை" என்றார். சம்பளம் கூட்டிக் கேட்கிற மாதிரி.

சூரியன் செம்பனைக்கு மேலே வந்ததும் நிறம் தெரிந்தது. ஜனவரியில் சாம்பலாக இருந்த அதே உப்புக்கொத்திகளின் மார்பில் இப்போது செங்கல் பட்டை, கண்ணுக்குக் கறுப்பு முகமூடி. கருவால் மூக்கன்களின் கழுத்து துருப்பிடித்த தகரம் போல. மூக்கு கீழ்நோக்கி வளைந்த சின்ன உள்ளான்களில் சில வயிறுவரை சிவந்துவிட்டன, சில பாதி மாறி வெள்ளையும் சிவப்புமாய்ச் சாயம் போன வேட்டி மாதிரி நின்றன. வடக்கே இணை தேடப் போகிறவர்கள், சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள். புத்தகத்தில் வண்ணப் படமாக இருக்கிற பறவையை எங்கள் ஊரில் பார்க்கக் கிடைப்பது இந்த நான்கைந்து வாரம் மட்டுமே. செப்டம்பரில் திரும்பி வரும்போது சாயம் வெளுத்திருக்கும்.

பெயர் விஷயத்தில் ஒரு புலம்பல். தமிழ்நாட்டுப் பறவைப் புத்தகங்களில் மூக்கு நீளமாக வளைந்த பெரிய பறவைக்குக் 'கோட்டான்' என்று பெயர். இங்கே யாரிடமாவது "அதோ கோட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். ஆந்தை எங்கே என்று மரத்தைப் பார்ப்பார்கள். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் எல்லாம் அருமையான சொற்கள்தான், ஆனால் என் தோட்டத்துக்கு அவை கப்பலேறி வரவில்லை. சித்தப்பா சொந்தமாக வைத்திருக்கிறார். சின்னதெல்லாம் 'ஓடி'. நீள மூக்கு எல்லாம் 'ஊசி'. குளத்தோரம் தனியாக நடந்துகொண்டிருந்த, மனிதன் இடுப்புக்கு மேல் உயரமான மொட்டைத்தலை நாரைக்கு மலாய்க்காரர்கள் 'போத்தாக்' என்பார்கள். சித்தப்பாவுக்கு அது 'மொட்டைக் கிராணி'. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். தலையில் நாலு முடி, தோளைக் குறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அளந்து அளந்து அடி வைக்கும். வேலையில் குற்றம் தேடி வரும் தோட்டத்துக் கிராணியேதான். எந்தப் பறவையியலாளரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

ஸ்கோப்பை அவரிடம் கொடுத்தேன். முதலில் தன் கண் இமையைத்தான் பார்த்தார், எல்லோரும் அப்படித்தான். பிறகு அசையாமல் நெடுநேரம் பார்த்தார். "பாப்பா, இந்த ஓடி ஒண்ணு காப்புக் கட்டியிருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். வளைந்த மூக்கு உள்ளான், பாதி சிவந்தது. வலது காலின் மேல் பாகத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன வில்லை, கொடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. என் கை நடுங்கியதில் முக்காலி ஆடியது. இந்தப் பறவைகள் வலசை போகும் பாதையில் எந்த நாட்டில் பறவையைப் பிடித்து அடையாளம் கட்டினார்கள் என்பதற்கு நிறக் குறியீடு உண்டு. ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா. மஞ்சள் அதே நாட்டின் வடமேற்கு மூலை. வெள்ளை நியூசிலாந்து. அறுபது கிராம் சொச்சம் எடையுள்ள இந்தப் பறவை மெல்பர்ன் பக்கம் எங்கோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது. இனிமேல் போக வேண்டியது சைபீரியாவின் பனிவெளி. முழுப் பயணமும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் எங்கள் கைவிட்ட இறால் குளத்தில் ஒற்றைக் காலில் தூக்கம். வில்லையில் எழுத்து இருந்தால் எந்தப் பறவை என்றே தெரியும். நான் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் எழுத்து தெரியவில்லை. அது காலை மாற்றி வைத்துக்கொண்டது.

"எதுக்கு வேண்டுதல்?" என்றார் சித்தப்பா, தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே.

எட்டு மணிக்கு மேல் தண்ணீர் திரும்பியது. எங்கள் கடல் இறங்குவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய தண்ணி நாளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆனால் தரை தோசைக்கல் மாதிரி சமம். அதனால் தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலும் சேறு வெகுதூரம் வெளியே வந்துவிடும். கண்டல் வேர்கள் முதலில் தெரிந்தன, பிறகு பெலாச்சாக் மீன்கள் துள்ளின, பிறகு ஒரு பளபளப்பு. குளத்தில் இருந்த கூட்டம் தோட்டத்தில் ஆள் கூட்டுகிற பிரட்டு மணியை யாரோ அடித்தது போல் ஒரே மூச்சில் எழும்பி, எங்கள் தலைக்கு மேல் சரசரவென்று கடந்து சேற்றில் இறங்கியது. பின்னால், கால்வாயில், மடைக்கதவு முனகித் திறந்தது. சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் சாப்பாடு பார்த்தோம். நான் பறவை பார்ப்பதில் பாதிக்கு மேல் சாப்பாடு பார்ப்பதுதான். உப்புக்கொத்தி கண்ணால் பிடிக்கும். ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், கொத்தும். உள்ளான் மூக்கால் பிடிக்கும், தையல் மிஷின் மாதிரி குத்திக்கொண்டே போகும். அதன் மூக்கு நுனி முழுக்க உணர்வு, சேற்றுக்குள் அசைவதைத் தொட்டே அறிந்துகொள்ளும். மூக்கு மேல்நோக்கி வளைந்த ஒரு வகை, பஸ்ஸைத் தவறவிட்டவன் போல் நண்டின் பின்னால் ஓடும். கோட்டான் ஒன்று ஸ்கோப்பின் முழு வட்டத்தையும் அடைத்துக்கொண்டு வந்து நின்றது. மூக்கைக் கண்வரை சேற்றுக்குள் விட்டுத் திருகி ஒரு நண்டை இழுத்தது. விழுங்கவில்லை. ஒரு காலைப் பிடித்து உதறியது, கால் கையோடு வந்து நண்டு விழுந்தது. மறுபடி எடுத்து அடுத்த கால், அதற்கடுத்த கால். எட்டும் போன பிறகு ஓட்டை மட்டும் தூக்கிப் போட்டு முழுங்கியது. ஜெராம் கடைகளில் சட்டி நண்டோடு மல்லுக்கட்டுகிறவர்களைவிட நேர்த்தி.

சித்தப்பாவுக்கு மூக்கன் கதை சொன்னேன். பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்து மாதம்தான் ஆனது, 2022 அக்டோபரில் அலாஸ்காவில் கிளம்பித் தாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், பதினொரு நாள், எங்கும் நிற்காமல். உடம்பில் செயற்கைக்கோள் கருவி இருந்ததால் தெரிந்தது.

"சோறு?"

"இல்ல சித்தப்பா."

"தண்ணி?"

"அதுவும் இல்ல."

"கடல்ல எறங்கி உக்காந்துக்கலாமே?"

"வாத்து மாதிரி மிதக்கற பறவை இல்ல. எறங்கினா கதை முடிஞ்சுது."

கிளம்புவதற்கு முன் அவை உடம்பில் பாதி கொழுப்பாகும் வரை தின்றுவிட்டு, பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கின்றன என்பதையும் சொன்னேன். இதை நம்பவே இல்லை. "வயித்தைச் சுருட்டி வச்சிட்டுப் போகுதா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம், "அப்ப இங்க திங்கறதைக் கெடுக்கக் கூடாது" என்றார். நான் எங்கோ படித்த நீண்ட வாதத்தை அவர் அங்கேயே முடித்துவிட்டார்.

திங்கிற இடம் இது ஒன்று போதாது. ஆஸ்திரேலியாவிலிருந்து சைபீரியா, அலாஸ்கா வரை 22 நாடுகளைத் தொட்டுப் போகிறது இந்தப் பாதை. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே மஞ்சள் கடல் கரைதான் அதில் பெரிய சத்திரம். அங்கே வயிறு நிரம்பினால்தான் ஜூன் தொடக்கத்தில் பனி உருகும் நேரத்துக்கு முட்டை இட முடியும். தென்கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் முகத்துவாரச் சேற்றை அடைத்து 33 கிலோமீட்டருக்குக் கடற்சுவர் கட்டி, 2006 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். சிப்பியை முழுசாக விழுங்கி வயிற்றிலேயே நொறுக்குகிற கிரேட் நாட் என்ற பறவை அங்கே பல்லாயிரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அவை பக்கத்துக் கரைகளுக்கு இடம் மாறிப் பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். மாறவில்லை. ஆஸ்திரேலியாவில் எண்ணிக்கை இறங்கியது, 2015இல் அந்தப் பறவை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. பிறகு சீனக் கரையில் ஒரு பகுதிக்கு 2019இலும், கொரியச் சேற்றுநிலங்களுக்கு 2021இலும் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது.

இதை நான் கொஞ்சம் கோபமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "முப்பத்து மூணு கிலோமீட்டர் பண்டா? கதவு எத்தனை இடத்துல?"

"ரெண்டு இடத்துல."

"பத்தாது" என்றார். தொழில்காரரின் தீர்ப்பு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்ததே ஒரு பண்டின் மேல்தான். எங்கள் வீடு, என் பள்ளிக் கட்டணம், அம்மாவின் கம்மல் எல்லாம் இந்தக் கரை கடலைத் தடுத்து நின்றதால் வந்தவை. இந்தக் கரைக்கு உள்ளே இருக்கிற ஆயிரக்கணக்கான ஏக்கரிலும் ஒரு காலத்தில் உள்ளான்கள் மேய்ந்திருக்கும். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, பேச்சை மாற்றினேன்.

பறவைகளைப் பற்றி எழுதுகிற நம்மவர்கள் பலரும் கட்டாயம் ஓரிடத்தில், நம் பாட்டன்மாரும் இப்படிக் கடல் கடந்து வந்தவர்கள்தானே என்று கண்கலங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த உள்ளான் ஒவ்வொரு வருடமும் திரும்பிப் போகிறது. கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட என் பாட்டனுக்கு அந்த வசதி இருக்கவில்லை. அவர் தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கிறார், அதன் மேல் இப்போது செம்பனை.

ஒன்பதரைக்கு, எழுத்துத் தெரிகிற தூரத்துக்கு அந்த ஆரஞ்சுக் கொடியைத் தேடி நெருங்கலாம் என்று பண்டிலிருந்து இறங்கினேன். நான்காவது அடியில் வலது கால் முட்டிவரை போய்விட்டது. இழுக்க இழுக்கச் சேறு இழுத்தது. ஸ்கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேற்றைய பால்குடம் மாதிரி நின்றேன். சித்தப்பா பதறவில்லை. "இழுக்காத. காலை ஆட்டு. ஆட்டி ஆட்டிப் பக்கத்துல தண்ணிய உள்ள விடு. முன்னால சாஞ்சுக்க." உள்ளே வெற்றிடம் பிடித்துக்கொள்கிறதாம், தண்ணீர் புகுந்தால் விட்டுவிடுமாம். விட்டது. சிலிப்பர் வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கும், சைபீரியாவுக்குப் போகாமல். இந்த அமளியில் கூட்டம் எழும்பி இரண்டு வட்டம் அடித்துத் தூரத்தில் போய் இறங்கியது. ஒவ்வொரு முறை அனாவசியமாக எழும்பும்போதும் சேர்த்து வைத்த கொழுப்பில் கொஞ்சம் எரிகிறது. ஓர் எழுத்தைப் படிக்கும் ஆசைக்காக அதைச் செய்தவள் நான். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையைத் துப்பினார்.

ஒற்றைச் சிலிப்பரோடு பட்டணத்துக்கு வந்து பசியாறினோம். எனக்கு ரொட்டி சானாய், அவருக்குத் தோசை, இரண்டு தே தாரே. கடைக்காரர் என் காலைப் பார்த்து, "கெராங் சிப்பி பொறுக்கவா போனீங்க?" என்றார். "ஓடி பாக்கப் போனோம்" என்றார் சித்தப்பா. மேற்கொண்டு விளக்கம் இல்லை. காப்புக் கயிறு தேத்தண்ணீரில் நனையாமல் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

மதியமே நான் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன். பார்த்த ஆரஞ்சுக் கொடியை, எழுத்துத் தெரியவில்லை என்ற குறிப்போடு, பதிவு செய்யும் இடத்துக்கு எழுதி அனுப்பினேன். அகாஸ் கடித்த இடங்களில் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது, மாலை ஏழே காலுக்குப் போன் அடித்தது.

"பாப்பா, கதவு மூடிருச்சு."

பண்டில் நிற்கிறார். அவர் வேலையை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மாலைப் பெரிய தண்ணிக்கு அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. காற்றுச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு போனை அவர் மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் குரல் தூரமாகப் போய், பல சின்னக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன.

"ஒரு கூட்டம் எழும்பி மேல மேல போகுது" என்றார். "குளத்துக்கு வரல. வடக்க போகுது. அறுபது, எழுபது இருக்கும்."

"காப்புக் கட்டினது இருக்கா?"

"இருட்டிக்கிட்டு வருது பாப்பா, ஒண்ணும் தெரியல" என்றார். போனை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நானும் வைக்கவில்லை.